பன்னிரண்டாவது குரல்

இரவு ஒன்பது நாற்பது. நடுவட்டம் தாண்டி, பைக்காராவுக்கு முந்தைய வளைவு. தைலம் எடுக்கும் கற்பூர மரம் ஒன்று சாலைக்குக் குறுக்கே விழுந்து கிடந்தது.

எங்களுக்கு முன்னால் வண்டி இல்லை. பின்னாலும் இல்லை. ஓட்டுநர் ஜாபேஸ் இன்ஜினை அணைத்தார். பேட்டரி இறங்கிவிடும் என்று விளக்குகளையும் அணைத்தார். மரம் வெட்ட ஆள் வருவதற்கு இரண்டு மணி நேரம் ஆகும் என்று போனில் சொன்னார்கள். பிறகு போனில் சிக்னலும் போனது. கண்ணாடிகள் எங்கள் மூச்சில் வெளுத்தன. கூரையில் மழை.

வேனில் நான்கு பேர். கூடலூரில் ஆசிரியர் பயிற்சி முடிந்து ஊட்டிக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். ஷாயிஸ்தா பதினொன்றாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுப்பவர், எங்களில் மூத்தவர். ருக்ஸார் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம். நான் கணக்கு. ஜாபேஸ் சேரம்பாடிக்காரர். நாற்பது வயது இருக்கும். கூடலூரிலிருந்து கிளம்பியதிலிருந்து அவர் நான்கு வார்த்தைகூடப் பேசவில்லை.

மறுநாள் ஷாயிஸ்தா மாதிரி வகுப்பு எடுக்க வேண்டும். பாடம் ஒரு பழைய திகில் சிறுகதை. அதில் பயம் எப்படி உண்டாக்கப்படுகிறது என்பதைப் பிள்ளைகளுக்குப் பிரித்துக் காட்ட வேண்டும். இருட்டில் அதை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்.

"பயம் தானா வராது. கட்டணும். முதல்ல நேரம். அப்புறம் ஆள் இல்லாத ரோடு. கண்ணுக்குக் காட்டறதுக்கு முன்னாடி காதுக்குக் குடுக்கணும். ஒண்ணையே திரும்பத் திரும்பச் சொல்லணும், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மாத்தி. எல்லாத்தையும்விட முக்கியம், கேக்கறவனுக்குத் தெரிஞ்சிருக்கணும், கதைக்குள்ள இருக்கறவனுக்குத் தெரியக் கூடாது."

"பேய்க்கு லெசன் பிளான் போட்ட ஒரே ஆளு நீங்கதான் மிஸ்," என்றாள் ருக்ஸார். "நிஜமாவே வந்து நின்னாலும், 'எங்கம்மா ஹோம்வொர்க்'னு கேப்பீங்க."

"கேப்பேன். எழுதலைன்னா வெளிய நிறுத்துவேன்."

"வெளியதானே மிஸ் நிக்குது."

சிரித்தோம். ஜாபேஸ் சிரிக்கவில்லை. ஸ்டியரிங்கில் கை வைத்தபடியே கேட்டார்.

"டீச்சர்... ஒரு கதையக் கேட்டா, எது நடந்தது, எது கட்டினதுன்னு உங்களால பிரிக்க முடியுங்களா?"

"ஓரளவுக்கு முடியும்."

"அப்ப ஒண்ணு சொல்றேங்க. நாலு வருசமா எனக்குள்ளயே சொல்லிச் சொல்லிப் பாக்கறேன். எங்கயோ நானா எதையோ சேத்துட்டேன். அப்படித்தான் இருக்கணும். எந்த எடம்னுதான் தெரியலை. நீங்க தொட்டுக் காட்டிட்டீங்கன்னா, நான் ராத்திரில தூங்கிருவேன்."

"யாருக்கு நடந்துச்சுண்ணா? ஃப்ரெண்டோட மாமாவுக்கா?" ருக்ஸாரின் குரலில் இன்னும் சிரிப்பு இருந்தது.

"எங்கக்காவுக்குங்க."

ருக்ஸார் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"முடிவ மொதல்லயே சொல்லிடறேன்," என்றார் ஜாபேஸ். "ராத்திரி ஏழு மணிக்கு நாங்க தேடப் போய் ஒரு ரோட்டுல நின்னோம். அங்கிருந்து அறுபது அடியில எங்கக்கா கெடந்துச்சு. உசுரோட. விடியக்காலம் வரைக்கும் உசுரோட. அத மனசுல வெச்சுக்கிட்டுக் கேளுங்க."

"முடிவ மொதல்லயே சொல்லிட்டா எப்படி..." என்று ஆரம்பித்த ஷாயிஸ்தா பாதியில் நிறுத்திக்கொண்டார்.

ஜாபேஸ் சொன்னது இது.

ஆடி மாதம். மாலை நாலு மணி. சேரம்பாடிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். தோட்டத்தில் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு நம்பர் உண்டு. இது பதினாலாம் நம்பர். கடைசி. கீழே ஒரு மண் ரோடு. ரோட்டுக்கு மேலே வரிசை வரிசையாகப் பன்னிரண்டு நிரை செடி. செடிக்கு மேலே யானை வராமலிருக்க வெட்டிய அகழி. அகழிக்கு மேலே காடு.

பன்னிரண்டு பெண்கள். ஆளுக்கு ஒரு நிரை. ரோட்டை ஒட்டியது முதல் நிரை. அகழியை ஒட்டியது பன்னிரண்டாவது. அது லோயிஸின் நிரை. லோயிஸ் ஜாபேஸின் அக்கா. அன்றைக்கு சூப்பர்வைசர் வேலன். லோயிஸின் கணவர்.

மூன்றரைக்கு மிஸ்ட், அதாவது மூடுபனி, இறங்கியது. நீட்டிய கை தெரியவில்லை. கொழுந்து வெட்டும் கத்திரிகளின் சத்தம் மட்டும்... சரக்... சரக்... மேலே ஒன்று, கீழே ஒன்று.

நாலு மணிக்கு வாட்ச்மேன் பைக்கில் வந்தார். ஓடைப் பக்கம் யானை நிற்கிறது. குட்டியோடு. ஆட்களை இறக்கு என்றார்.

மிஸ்ட்டில் ஆள் இறக்க அந்தத் தோட்டத்தில் ஒரு முறை உண்டு. பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். பேரைக் காடு பிடித்துக்கொள்ளும் என்பார்கள். சூப்பர்வைசர் ரோட்டில் நின்று நீளமாக ஒரு "ஓ" கொடுப்பார். முதல் நிரை அதையே திருப்பிக் கொடுக்கும். பிறகு இரண்டாவது நிரை. பிறகு மூன்றாவது. ஒருத்தி முடித்த பிறகு ஒருத்தி. வருடக்கணக்காகச் சேர்ந்து வேலை செய்கிறவர்கள். குரலே ஆளைச் சொல்லிவிடும். குரல் கொடுத்தவள் இறங்கி வந்துவிடுவாள். எண்ணிக்கை சரியாக இருந்தால் யாரும் மேலே ஏறிப் பார்ப்பதில்லை.

அன்றைக்குப் பன்னிரண்டு குரல் வந்தது.

"பன்னெண்டாவதும் வந்துச்சாண்ணா?" என்றாள் ருக்ஸார்.

"வந்துச்சும்மா. மச்சான் காதால கேட்டாரு. ஒம்பது வருசம் கூட வாழ்ந்த பொண்டாட்டி கொரலு."

இறங்கினார்கள். ஒருத்தி இடுப்பில் கட்டிய பிளாஸ்டிக் தாளின் நுனியை அடுத்தவள் பிடித்துக்கொண்டாள். யானைக்காக வேலன் முன்னால் நடந்தார். எடை போடும் கொட்டகையில் லைட் எரிந்தது. வெளிச்சத்தில் எண்ணினார். பதினொன்று.

அவர் பதறவில்லை. மகள் ஜெபிஷாவுக்கு அன்று காய்ச்சல். வீட்டில் தனியாக இருந்தாள். லோயிஸ் குறுக்கு வழியில் தோட்டக் குடியிருப்பு லைன் வீட்டுக்கு ஓடியிருப்பாள் என்று நினைத்தார். குரல் கொடுத்தாளே. குரல் கொடுத்தவள் மேலே எப்படி இருப்பாள்?

கொழுந்து எடை போட்டு முடித்தார். டீ குடித்தார்.

"அந்த டீய இன்னிக்கும் சொல்லுவாருங்க," என்றார் ஜாபேஸ். "வேற எதையும் சொல்ல மாட்டாரு. 'ஜாபேஸு, நான் டீ குடிச்சேன்டா'ம்பாரு."

ஆறேகாலுக்கு வேலன் வீட்டுக்குப் போனார். ஜெபிஷா கதவைத் திறந்தாள். அவள் கையில் அம்மாவின் போன். கார்ட்டூன் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா எங்கே என்று அப்பாவும் மகளும் ஒரே நேரத்தில் கேட்டார்கள்.

ஏழு மணி. பதினாலாம் நம்பர் ரோடு. வேலன், ஜாபேஸ், வாட்ச்மேன். மழை பிடித்துவிட்டது. டார்ச் வெளிச்சம் நாலடி போய் மிஸ்ட்டில் மோதித் திரும்பியது. ஈரச் செடி வாசனை. எங்கோ யானை லத்தியின் புளித்த வாசனை.

வேலன் மேலே பார்த்துக் குரல் கொடுத்தார்.

"அந்தச் சத்தத்த மட்டும் நான் இங்க போட மாட்டேங்க," என்றார் ஜாபேஸ். "நீங்களே நெனச்சுக்கங்க."

பதில் வந்தது.

மேலேயிருந்து இல்லை. ரோட்டுக்குக் கீழே. இடது பக்கம், ஓடைக்கு இறங்கும் சரிவில். லோயிஸின் குரல். முந்தின நாள் பிடித்த சளி அதில் அப்படியே இருந்தது.

வேலன் ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். சிரித்தார்.

"கழுத. வழி தெரியாம கீழ எறங்கிட்டா. நீ வீட்டுக்கு வாடி, வெச்சுக்கறேன்."

மூன்று பேரும் சரிவில் இறங்கினார்கள்.

மேலே அறுபது அடியில் அவள் கிடந்தாள். வேலன் சிரித்தது அவளுக்குக் கேட்டிருக்கும்.

வேனில் யாரோ காலை மடக்கி சீட்டின் மேல் வைத்துக்கொண்டார்கள். நானாகவும் இருக்கலாம்.

கொஞ்ச தூரம் இறங்கி, மறுபடி குரல் கொடுத்தார்கள். பதில் வந்தது. கொஞ்சம் கீழே. அங்கேயே நில்லு என்று வேலன் கத்தினார். "ஓ" என்றது. இறங்கினார்கள். மறுபடி. இன்னும் கொஞ்சம் கீழே. அவசரமே இல்லாத குரல். ஒவ்வொரு தடவையும் அதே தூரம். மூன்றாம் தடவை தைல வாசனை அடித்தது. லோயிஸ் காலையில் சளிக்குத் தேய்த்துக்கொண்டு போன தைலம்.

"நில்லுங்க," என்றார் ஷாயிஸ்தா. "இங்க ஒண்ணு இருக்கு."

ஜாபேஸ் திரும்பினார். இருட்டில் முகம் தெரியவில்லை.

"அந்த வாசனை. வெளிய கற்பூர மரம் ஒடஞ்சு கெடக்கு. அர மணி நேரமா வண்டிக்குள்ள அதே வாசனைதான். நீங்க சொல்லும்போது அது உள்ள நுழைஞ்சிருச்சு. அது நீங்க சேத்தது."

ஜாபேஸ் மூக்கை உறிஞ்சிப் பார்த்தார்.

"ஆமாங்க," என்றார். "இருக்கலாம்ங்க." அவர் குரல் முதல் முறையாகத் தளர்ந்தது. "வேற?"

"குரல் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாக் கீழ போறது. நடக்கறது அவ்வளவு ஒழுங்கா நடக்காது. மலையில எதிரொலி நாலு பக்கமும் அடிக்கும். பயந்துபோன மனசு பின்னால உக்காந்து அத வரிசையா அடுக்கிக்கும். நான் பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்கறதே அதத்தான்."

"எதிரொலி..."

"நீங்க குடுத்த சத்தமே திரும்பி வந்திருக்கலாம்."

"இருக்கலாம்ங்க," என்றார் ஜாபேஸ் மறுபடியும். அந்த வார்த்தையை வாயில் வைத்துப் பார்ப்பவர் போல. "பொம்பளக் கொரல்ல திரும்பாது. ஆனாலும் இருக்கலாம்."

தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்தார். தொடர்ந்தார்.

எட்டே முக்கால். ஓடை. தண்ணீர் மண்ணைக் கரைத்துக்கொண்டு ஓடியது. ஓடையோரம் ஆள் உயரத்துக்கு ஒரு பாறை. குரல் பாறைக்குப் பின்னாலிருந்து வந்தது. மெதுவாக. பக்கத்தில் இருப்பவரோடு பேசும் குரல் அளவுக்கு. வேலன் ஒரு பக்கமும் ஜாபேஸ் மறுபக்கமும் சுற்றி வந்தார்கள். இரண்டு டார்ச்சும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்தன. நடுவில் யாரும் இல்லை.

வேலன் அப்போதுதான் அதைச் செய்தார். அதே தோட்டத்தில் வேலை செய்த அவர் அப்பா செய்ததில்லை. அந்தத் தோட்டத்தில் யாரும் செய்ததில்லை. மிஸ்ட்டுக்குள் பேர் சொல்லிக் கூப்பிட்டார்.

"லோயிஸ்!"

பதில் வரவில்லை.

ஜாபேஸ் அதற்கு மேல் பேசவில்லை. கூரையில் மழை விழுந்துகொண்டிருந்தது.

"நல்ல எடத்துல நிறுத்தினீங்க," என்றார் ஷாயிஸ்தா. பழக்கத்தில் சொல்லிவிட்டார். சொன்ன பிறகு வாயில் கை வைத்துக்கொண்டார்.

"நான் நிறுத்தலைங்க டீச்சர். அன்னிக்கு அதோட நின்னுபோச்சு. கொரலுக்குக் கொரலு குடுத்த ஒண்ணு, பேருக்குக் குடுக்கலை. அதுக்கப்புறம் மச்சான் தொண்ட கிழியக் கத்தினாரு. ஒண்ணுமே வரலை."

ஜாபேஸ் கண்ணாடியைத் துடைத்துவிட்டுத் தொடர்ந்தார்.

திரும்பி மேலே போக முடியவில்லை. பின்னால் கிளை முறிந்தது. யானைக் கூட்டம் பாதைக்கு வந்துவிட்டது. ஓடையோரம் பம்ப் ஷெட் ஒன்று இருந்தது. மூன்று பேரும் அதற்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். விடிய விடியத் தகரத்தின் மேல் மழை. வேலன் இரண்டு முறை கதவைத் திறக்கப் போனார். ஜாபேஸ் இரண்டு முறையும் அவர் காலைப் பிடித்துக்கொண்டார்.

"பிடிக்காம விட்டிருக்கணும்ங்க. போயிருந்தா மூணு மணிக்காவது கண்டுபிடிச்சிருப்பாரு. டாக்டர் நாலு மணி வரைக்கும் உசுரு இருந்திருக்கும்னாரு. குளுருதான். விழுந்து கால் ஒடஞ்சதுக்கு யாரும் சாக மாட்டாங்க."

ஆறு மணிக்கு மழை விட்டது. மிஸ்ட்டும் விட்டது. ஏறினார்கள். பதினாலாம் நம்பர் ரோட்டில் நின்றபோது பன்னிரண்டு நிரையும் பளிச்சென்று தெரிந்தன. கடைசி நிரையின் நடுவில் லோயிஸின் கொழுந்துப் பை. பைக்குப் பின்னால் அகழியின் கரை சரிந்திருந்தது. ஜாபேஸ்தான் உள்ளே இறங்கினார். வேலனால் முடியவில்லை.

பதினோராவது நிரைக்காரி ஆயம்மாள் அடக்கம் முடிந்த பிறகு வந்து சொன்னாள். அன்று சாயங்காலம் அரை மணி நேரமாகவே தனக்கு மேல் நிரையில் கத்திரிச் சத்தம் இல்லை. குரல் மட்டும் வந்தது. குரல் வந்ததால் அவளும் எதுவும் கேட்கவில்லை.

"அண்ணா," என்றாள் ருக்ஸார். அழுதிருந்தாள் என்று குரலில் தெரிந்தது. "அறுபது அடிதானே. நீங்க வந்தது, மச்சான் கூப்பிட்டது, எல்லாம் கேட்டிருக்கும். அவங்க ஏன் கத்தலை?"

ஜாபேஸ் அவள் பக்கம் திரும்பிச் சொன்னார்.

"தலையில கட்டியிருந்த துண்ட வாயில திணிச்சிருந்துச்சும்மா. வேற யாரும் திணிக்கலை. அக்காவே. ரெண்டு விரலு துண்டோட உள்ள இருந்துச்சு. பல்லுக்கு நடுவுல. எடுக்க முடியலை. அப்படியேதான் பெட்டியில வெச்சோம்."

"யானை," என்றார் ஷாயிஸ்தா வேகமாக. "யானைதான் ஜாபேஸ். பக்கத்துல நிக்குதுன்னு நெனச்சிருப்பாங்க. வலியில சத்தம் வந்திரக் கூடாதுன்னு அடக்கியிருப்பாங்க. வேற ஒண்ணும் இல்லை. நானா இருந்தாலும் அதத்தான் செய்வேன்."

"அப்படித்தான் போலீஸ்ல சொன்னேன். மச்சான்கிட்டயும் அப்படித்தான் சொல்லி வெச்சிருக்கேன். யானை பூரா கீழ எங்ககிட்ட இருந்துச்சுங்க. மேல ஒரு தடம்கூட இல்லை. ஆனாலும் யானைன்னே இருக்கட்டும்."

சாலையின் மறுமுனையில் வெளிச்சம் தெரிந்தது. மரத்துக்கு அந்தப் பக்கம் லாரி வந்து நின்றது. ஆட்கள் இறங்கும் சத்தம். யாரோ மோட்டார் ரம்பத்தின் கயிற்றை இழுத்து இழுத்துப் பார்த்தார்கள். மோட்டார் பிடிக்கவில்லை.

"மரம் வெட்டறதுக்குள்ள சொல்லிடறேன்," என்றார் ஜாபேஸ். "இத யார்கிட்டயும் சொன்னதில்லை. இதத்தான் நான் சேத்துக்கிட்டேனான்னு தெரியணும். நீங்க ஆமான்னு சொன்னாப் போதும்."

"சொல்லுங்க."

"ராத்திரி பூரா மழைங்க. அகழிக்குள்ள கணுக்கால் முங்கச் சேறு. அக்கா சேலை, முடி எல்லாம் சேறு. ஆனா தலைமாட்டுல, அக்காவ ஒட்டினாப்புல, ஒரு எடம் மட்டும் காஞ்சு கெடந்துச்சு. மேல கூரை இல்லை, மரம் இல்லை. வானம்தான். பொடி மண்ணு. இவ்வளவு எடம்."

மரத்துக்கு அப்பாலிருந்து வந்த வெளிச்சத்தில் அவர் இரண்டு கைகளும் தெரிந்தன. அவர் காட்டியது ஒரு ஆள் குந்தி உட்காரும் அளவு.

ரம்பத்தின் மோட்டார் பிடித்துக்கொண்டது. அவர் ஷாயிஸ்தாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஷாயிஸ்தா வாயைத் திறந்தார். மூடினார்.

அந்தச் சத்தத்துக்கு மேல் கேட்பதற்காக ஜாபேஸ் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது.

"உள்ளங்கைய வெச்சுப் பாத்தேங்க டீச்சர். சூடா இருந்துச்சு."